வள்ளி சொல்லாத பாயிண்ட்

இந்த வருஷம் தன் பெண்டாட்டி தன்னை மேடையில் மண்ணைக் கவ்வ வைத்துவிடுவாள் என்று குமாரசாமி முடிவுக்கே வந்துவிட்டார். காரணம் வேறொன்றுமில்லை. வள்ளி பேச்சை நிறுத்திவிட்டாள்.

வாயை மூடிக்கொண்டு இருக்கிற பெண்பிள்ளையா வள்ளி? பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று கோத்து நெய்கிற கோர்வைச் சேலை என்றால் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். உடலை நெய்கிறவர் நடுவில். ஒரு பக்கத்துக் கரைக்கு மட்டும் குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடாவைத் தனியாகத் தள்ளுகிறவர் அவருக்கு இடப்பக்கம். கல்யாணமான மறுமாதத்திலிருந்து குமாரசாமி நடுவில், வள்ளி இடப்பக்கம். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை தோளோடு தோள். அப்படி உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் என்ன செய்தார்கள்? சண்டை போட்டார்கள். அவர் நெசவாளர் சங்கத்துப் பேச்சாளர், தோளில் சிவப்புத் துண்டு. அவளோ முசரவாக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். எந்தக் கட்சி ஆண்டாலும் நல்லது கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும், கெட்டது செய்தால் கழுவி ஊற்ற வேண்டும் என்பதுதான் அவள் அரசியல்.

இந்தச் சண்டையை ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டு, "இதை ஏன்டா சும்மா வீணாக்கிக்கினு இருக்கீங்க?" என்று இரண்டு பேரையும் மேடையில் ஏற்றியவர் தமிழ் வாத்தியார் திருஞானசம்பந்தம். வருஷா வருஷம் தைக் கிருத்திகைக்குத் தெரு முருகன் கோயில் முன்னால் பட்டிமன்றம் நடக்கும். அவர்தான் நிரந்தர நடுவர். முதலமைச்சர் பெயரில் காப்பீட்டு அட்டை வந்த புதிதில், 'ஏழைக்குப் பெரிதும் தேவை காப்பீட்டு அட்டையா, அரசு ஆஸ்பத்திரியா?' என்று தலைப்பு வைத்தார். அட்டைக்கு வள்ளி, ஆஸ்பத்திரிக்குக் குமாரசாமி. அன்றைக்குத் தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. அதன் பிறகு எந்தத் தலைப்பும் அந்த ஜனங்களுக்கு ருசிக்கவில்லை. ஆட்சி மாறியது, அட்டையின் பெயரும் படமும் மாறின. பட்டிமன்றத்தில் அதே தலைப்பு வந்தது. டெல்லி ஒரு திட்டத்தைக் கொண்டுவந்து இதோடு சேர்த்தது. அது யார் கொடுத்த அட்டை என்று டீக்கடையில் அடிதடி ஆனது. அப்போதும் அதே தலைப்புதான். இப்போது தேர்தல் நெருங்குகிறது. தொகையைக் கூட்டுவோம் என்று ஒருவர், எல்லோருக்கும் தருவோம் என்று இன்னொருவர். கேட்க வேண்டுமா? சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது.

"இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கட்டுற பணத்துல ஆஸ்பத்திரி கட்டு, டாக்டரைப் போடு, மருந்தை வாங்கு! தனியார் ஆஸ்பத்திரி வாசல்ல எங்களை ஏன் நிறுத்துற?" என்று குமாரசாமி முழங்குவார்.

"ஆஸ்பத்திரி கட்டி முடியட்டும்னு நோவு காத்துக்கினு இருக்குமா? அட்டையில யாரு படம் போட்டிருக்குதுன்னு நோவுக்குக் கண்ணு தெரியுமா?" என்பாள் வள்ளி.

கைதட்டல் இரண்டு பக்கமும் பிய்த்துக்கொண்டு போகும். ஆனால் தீர்ப்பு ஒவ்வொரு தடவையும் குமாரசாமிக்கே. அவர் குரல் அப்படி.

அந்தத் தெருவில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு வருஷம் பட்டிமன்றம் முடிந்து கட்சிக்காரர்கள் நாற்காலியைத் தூக்கி அடித்துக்கொண்டார்கள். அதிலிருந்து வாத்தியார் ஒரு சட்டம் போட்டார். தோற்றவர் ஜெயித்தவருக்குச் சால்வை போர்த்த வேண்டும். தோற்றவர் பேசியதெல்லாம் அந்த மேடையோடு போச்சு, மறுநாள் அதைச் சொல்லி யாரும் கேலி பண்ணக் கூடாது. ஜெயித்தவர் பேசியது மட்டும் நிற்கும். அவர் என்றைக்காவது தோற்கிற வரை டீக்கடையில் அதை எடுத்துச் சொல்லலாம்; தோற்றால் பழைய பேச்சும் சேர்ந்து போச்சு.

இந்தச் சட்டத்தில்தான் குமாரசாமி மாட்டிக்கொண்டார். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மேடையில், கைதட்டல் தலைக்கேறி, "என் வீட்டம்மா அந்த அட்டையை வாங்கி பீரோவுல வெச்சிருக்குறாங்க. அது பீரோவைவிட்டு வெளியே வராது! எங்களுக்கு ஒரு நோவுன்னா அரசாங்க ஆஸ்பத்திரி வராந்தாவுல படுப்போமே தவிர, அந்த அட்டையை நீட்ட மாட்டோம். இது சபதம்!" என்று அடித்துவிட்டார். ஜெயித்தும்விட்டார். 'பீரோ குமாரசாமி' என்று செல்லப் பெயர்கூட வந்துவிட்டது. மனுஷனுக்கு அதில் கொள்ளைப் பெருமை.

ஆனால் தன் பேச்சில் ஓர் ஓட்டை இருப்பது அவருக்கு மட்டும் தெரியும். அட்டைப் பணம் தனியாருக்கு மட்டும் போகவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தாலும் அதே அட்டையிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கே பணம் வருகிறது. அதில் மெஷின் வாங்குகிறார்கள், சாமான் வாங்குகிறார்கள். சங்கத்துத் தோழர் ஒருவர் முதல் வருஷமே காதைக் கடித்திருந்தார். அட்டை நீட்டினால் ஆஸ்பத்திரி வளரும் என்றால், அட்டையா ஆஸ்பத்திரியா என்ற கேள்வியே படுத்துவிடுமே! ஒவ்வொரு வருஷமும் வள்ளி மைக்கைப் பிடிக்கும்போது குமாரசாமிக்குப் பயம்தான். இதோ சொல்லப்போகிறாள், இதோ சொல்லப்போகிறாள் என்று உட்கார்ந்திருப்பார். அவள் சொன்னதே இல்லை. பாவம், அவளுக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

சுவரொட்டி ஒட்டியதிலிருந்து கிருத்திகை வரை தறியில் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்பது இருவருக்கும் உள்ள ஒப்பந்தம். அவரவர் பாயிண்ட்டை அவரவர் மனசுக்குள் ஓட்டிக்கொள்வார்கள். அந்த நாட்களில் வள்ளி கொஞ்சம் அமைதியாவது வழக்கம்தான். இந்தத் தடவை ஒரேயடியாக அடங்கிவிட்டாள். கேட்டதற்கு ஒரு வார்த்தை, அதோடு சரி. நாடாவைத் தள்ளிவிட்டு அடுத்த தடவைக்குள் எங்கேயோ வெறித்துப் பார்க்கிறாள். தறிக்குழியிலிருந்து ஏறினால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கிறாள். ராத்திரி சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக்கொள்கிறாள்.

"அடேங்கப்பா, தூக்கத்துலகூட ஒத்திகையா?" என்று சிரித்தார் குமாரசாமி. "இன்னா பாயிண்ட்டைப் புடிச்சிருக்கே? எங்கிட்ட மட்டும் சொல்லேன்."

"சொல்லுவேன், சொல்லுவேன். மேடையில சொல்லுவேன்," என்றாள் வள்ளி. அதைச் சொல்லவே அவளுக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது. அதுகூட அந்த மனுஷன் மண்டையில் ஏறவில்லை. பட்டிமன்றம், பட்டிமன்றம் என்று கண்ணை மறைத்துவிட்டது, என்ன சொல்ல!

வெள்ளிக்கிழமை காலை, அரக்குக் கரை ஓடிக்கொண்டிருந்தபோது இடப்பக்கத்திலிருந்து நாடா வரவில்லை. திரும்பிப் பார்த்தார். வள்ளி கரை மேலேயே சாய்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. வாயைத் திறந்து திறந்து காற்றைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"வள்ளி! ஏய் வள்ளி! இன்னாமா பண்ணுது?"

ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் அகிலா பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். ஆட்டோவில் மூவரும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, மூச்சு கொஞ்சம் நிதானத்துக்கு வந்த பிறகு டாக்டர் கிரேஸ் வந்தார். இளவயசு, முகத்தில் கோபம் இருந்தது. கோபம் வள்ளி மேல்.

"ஏம்மா, உங்களை எப்போ மெட்ராஸ் போகச் சொன்னேன்? தீபாவளிக்கு முன்னாடியே எக்கோ எடுத்து, இதயத்துல வால்வு சுருங்கிப்போச்சு, மாத்தணும்னு சொன்னேன்ல? அட்டை இருக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க? பெரியாஸ்பத்திரியில அதுலயே பண்ணிடுவாங்க, ஒரு பைசா ஆகாதுன்னு எவ்ளோ சொன்னேன்!"

குமாரசாமி வள்ளியைத் திரும்பிப் பார்த்தார். தீபாவளிக்கு முன்னாலா? அன்றைக்கு முசரவாக்கம் போய் அம்மா வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாளே!

"மருந்து குடுத்து ரெண்டு மூணு நாள் தாங்க வைக்கிறேன்," என்றார் டாக்டர். "திங்கட்கிழமை ஆம்புலன்ஸ்ல மெட்ராஸ் போயிடணும். இதுக்கு மேல தள்ளினா என் கையில இல்ல."

டாக்டர் போனதும் அகிலா, "நைனா, நான் போய் பீரோவுலேர்ந்து அட்டையை எடுத்துக்கினு வரேன்," என்று எழுந்தாள்.

கட்டிலிலிருந்து வள்ளி அவள் கையைப் பிடித்தாள். "வேணாம். அது வெளியே வரக் கூடாது."

"அம்மா, உனக்குப் பைத்தியமா?"

"நீ வெளிய இரு, கண்ணு. நான் நைனாகிட்ட பேசணும்."

அகிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். குமாரசாமி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். வள்ளியின் இடப்பக்கத்தில், தறியில் இருப்பதற்கு நேர் மாறாக. என்னத்தைக் கேட்பது? கோபப்படுவதா, காலில் விழுவதா என்று தெரியவில்லை.

"அந்தச் சபதத்தையா நெனச்சிக்கினு உக்காந்திருந்தே? அது மேடைப் பேச்சு வள்ளி! அதைத் தூக்கிக் குப்பையில போடு!"

"எப்டிங்க போடுறது? ஜெயிச்சவர் சொன்னது நிக்கும்னுதானே நம்ம தெரு வழக்கம். நாளைக்கு நான் ஆபரேஷன் முடிச்சு வந்தா, டீக்கடையில இன்னா கேப்பாங்க? பீரோ தொறந்துகிச்சா குமாரசாமின்னு கேப்பாங்க. நீங்க தலையைக் குனிஞ்சிக்கினு வருவீங்க. அதைப் பாக்குறதுக்கா நான் புது வால்வு போட்டுக்கினு வரணும்?"

"அதுக்காக?"

"அதுக்காகத்தான் கிருத்திகை வரைக்கும் பொறுத்துக்கலாம்னு இருந்தேன். இந்த வாட்டி உங்களைத் தோக்கடிச்சிட்டா, நீங்க சொன்னதெல்லாம் மேடையோட போச்சு. அப்பறம் யாரும் ஒரு வார்த்த கேக்க முடியாது. மறுநாளே அட்டையை எடுத்துக்கினு போயிடலாம்."

"என்னை நீ தோக்கடிப்பியா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார் குமாரசாமி. இத்தனை வருஷப் பழக்கம், நாக்கு சும்மா இருக்குமா? கேட்ட மறுநிமிஷம் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வள்ளி சிரித்தாள். ஆக்சிஜன் குழாய்க்கு நடுவிலும் அதே தறிச் சிரிப்பு. "அரசாங்க ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணாலும் அட்டைப் பணம் அந்த ஆஸ்பத்திரிக்கேதானே போவுது? அப்ப அட்டையை நீட்டுறவன் ஆஸ்பத்திரியை வளக்குறானா, கெடுக்குறானா? இதை நான் கேட்டா நீங்க இன்னா சொல்லுவீங்க?"

வருஷா வருஷம் அவர் பயந்த அந்த ஒற்றைப் பாயிண்ட் அவள் வாயிலிருந்து இத்தனை சாதாரணமாக வந்து விழுந்தது.

"இது உனக்கு எப்போ தெரியும்?"

"முத வருஷமே தெரியும். எதிர்வீட்டு அக்காவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் அப்பிடித்தானே நடந்துச்சு."

"அப்பறம் ஏன் சொல்லல?"

வள்ளி கொஞ்ச நேரம் மூச்சை வாங்கிக்கொண்டாள். "ஜெயிச்சிட்டு மேடையிலேர்ந்து நீங்க எறங்கி வர்றதை நீங்க பாத்ததில்ல. நான் பாத்திருக்கேன். வருஷம் பூரா தறியில குனிஞ்சிக்கினே இருக்குற மனுஷன். அன்னிக்கு ஒரு நாள்தான் நிமிந்து நடக்குறீங்க. அதை எப்டிங்க நான் கெடுக்குறது? இந்த வாட்டி எப்டியாவது சொல்லிடணும்னு மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்தேன். ஒவ்வொரு வாட்டியும் உங்க மூஞ்சி வந்து நிக்குது. வாய் வரல."

தறியில் அவள் வெறித்துப் பார்த்ததெல்லாம் இதைத்தான். ஒத்திகை என்று அவர் நினைத்தது சரிதான். அவள் உயிருக்கான ஒத்திகை என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. குமாரசாமி அவள் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வார்டே பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

மறுநாள் காலை வாத்தியார் வீட்டு வாசலில் போய் நின்றார். விஷயத்தைக் கேட்ட திருஞானசம்பந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பட்டிமன்றத்தை நிறுத்திடலாம் குமாரு. உடம்பு சரியில்லன்னு சொல்லிடறேன். நீ அட்டையை எடுத்துக்கினு போய்க்கினே இரு. யாரு கேக்கப் போறாங்க?"

"வேணாம் வாத்தியாரே. நிறுத்திட்டா நான் ஜெயிச்சது ஜெயிச்சதாவே நின்னுடும். அவ ஒத்துக்க மாட்டா. நான் தோக்கணும். நாலு பேர் முன்னாடி, மைக்குல, ஒழுங்காத் தோக்கணும்."

"தோக்கடிக்கிறதுக்கு அவ வரணுமேப்பா."

"அவ வர மாட்டா. அவ பேச்சு வரும்," என்றார் குமாரசாமி.

ஞாயிற்றுக்கிழமை கிருத்திகை. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கோயில் முன்னால் ஜனம் நிறைந்துவிட்டது. மேடையில் நடுவருக்கு இடப்பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. விஷயம் அரைகுறையாகப் பரவியிருந்ததால் வழக்கமான சிரிப்பு இல்லை. குமாரசாமி தன் பக்கத்து மைக்கிடம் போனார். தோளில் சிவப்புத் துண்டு இருந்தது. தொண்டையைக் கனைத்தார். ஒரு வார்த்தையும் பேசாமல், மேடையைக் குறுக்கே கடந்துபோய், வள்ளியின் நாற்காலிக்கு முன்னாலிருந்த மைக்கைப் பிடித்தார்.

"எதிரணிப் பேச்சாளர் வள்ளி ஆஸ்பத்திரியில இருக்குறாங்க. நெஞ்சுல வால்வு கெட்டுப்போச்சு. மாசக்கணக்கா மூச்சு வாங்கிக்கினு எம் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தாங்க. நான் பாக்கல. அவங்க பேச வேண்டியதை நான் பேசுறேன். நடுவர் அனுமதிக்கணும்."

நடுவர் தலையை ஆட்டினார். குமாரசாமி பேசினார். அந்தப் பாயிண்ட்டை எடுத்தார். முழக்கமில்லை, கையை ஆட்டவில்லை. கட்டிலில் அவள் எப்படிக் கேட்டாளோ அப்படியே கேட்டார். "அட்டையை நீட்டுறவன் ஆஸ்பத்திரியை வளக்குறானா, கெடுக்குறானா? அந்தப் பக்கத்துல உக்காந்திருக்குற குமாரசாமியைக் கேக்குறேன். பதில் சொல்லட்டும்!"

எதிர்ப்பக்கம் நாற்காலி வெறுமையாக இருந்தது. எல்லோரும் அந்த வெற்று நாற்காலியைப் பார்த்தார்கள்.

"பதில் இல்ல," என்றார் குமாரசாமி. "அவர்கிட்ட பதில் இல்ல. என் வீட்டம்மாவுக்கு இது எப்பவோ தெரியும். நான் ஜெயிக்கணும்னு சொல்லாம இருந்தாங்க. எனக்கு மரியாதை வேணும்னு மூச்சைப் புடிச்சிக்கினு இருந்தாங்க. தீர்ப்பை மட்டும் சீக்கிரம் சொல்லிடுங்க வாத்தியாரே. நாளைக்கு நாங்க மெட்ராஸ் போவணும்."

பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். திருஞானசம்பந்தம் எழுந்தார். எப்போதும் இரண்டு பக்கத்தையும் மெச்சி, நீட்டி முழக்கி, கடைசியில்தான் விஷயத்துக்கு வருகிறவர், அன்றைக்கு இரண்டே வாக்கியத்தில் முடித்தார். "வள்ளி ஜெயிச்சாச்சு. குமாரசாமி இதுவரைக்கும் பேசினதெல்லாம் இந்த மேடையோட போச்சு."

அப்புறம் எழுந்தது பாருங்கள் ஒரு கைதட்டல்! குமாரசாமி ஜெயித்த எந்த வருஷமும் அப்படித் தட்டியதில்லை. போர்த்திக்கொள்ள ஆள் இல்லாததால் சால்வையை மடித்து அவர் கையில் கொடுத்தார்கள். நேராக வீட்டுக்குப் போய், பீரோவைத் திறந்து, அட்டையை எடுத்துச் சால்வைக்குள் வைத்துக்கொண்டார்.

சென்னைப் பெரியாஸ்பத்திரியில் அந்த அட்டையை வாங்கிக்கொண்டார்கள். மறுவாரம் ஆபரேஷன் நடந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே குமாரசாமி முருகனைக் கூப்பிட்டார். சங்கத்து ஆளாயிற்றே என்று முருகன் கோபித்துக்கொள்ளவில்லை. வள்ளி பிழைத்துக்கொண்டாள்.

பொது வார்டுக்கு மாற்றியதும், அகிலா காபி வாங்கப் போன நேரத்தில், குமாரசாமி சால்வையை எடுத்து அவள் தோளில் போர்த்தினார். நெஞ்சுத் தையலில் படாமல் போர்த்துவதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

"இன்னா பேசினீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க," என்றாள் வள்ளி. குரல் கம்மியிருந்தது, ஆனால் மூச்சு வாங்கவில்லை. அவர் சொன்னார். நடுவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"அவ்ளோதானா? உங்க பக்கத்துலேர்ந்து யாரும் எழுந்து பதில் சொல்லலையா?"

"அதுக்குப் பதிலே கெடையாதே வள்ளி."

"இருக்குது."

குமாரசாமி நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்குச் சின்ன வயசுல அடிக்கடி தொண்டை வலிச்சு ஜுரம் வருமாம். அதைக் கவனிக்காம வுட்டதுதான் இப்ப வால்வுல வந்து நிக்குதுன்னு கிரேஸ் டாக்டர் சொன்னாங்க. அன்னிக்கு எங்க முசரவாக்கத்துல ஒரு நர்சம்மா இருந்து ஒரு ஊசி போட்டிருந்தா, இவ்ளோ பெரிய ஆபரேஷனே இல்ல. அட்டை, நோவு முத்துன பொறவுதான் பணம் குடுக்குது. முத்தாம பாத்துக்குறதுக்குப் பக்கத்துலயே ஆஸ்பத்திரி வேணும். சாட்சி வேணுமா, இதோ எம் பொண்டாட்டி நெஞ்சே சாட்சின்னு சொல்லுங்க. அந்தப் பாயிண்ட்டை அப்பிடியே மடக்கிடலாம்."

"இதை எப்போ யோசிச்சே?"

"கிரேஸ் டாக்டர் சொன்ன அன்னிக்கே, பஸ்ஸுல வர்றப்போ. இந்த வருஷம் நீங்க தோக்கணும், சரி. அடுத்த வருஷம் ஜெயிக்கணுமில்ல? அதுக்குன்னு உங்களுக்கு எடுத்து வெச்சிருந்தேன்."

அந்த மனுஷனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கட்டில் கம்பியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். வள்ளி கையை நீட்டி, சிவப்புத் துண்டின் நுனியால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"நிமிந்து உக்காருங்க," என்றாள். "எல்லாரும் பாக்குறாங்க."